ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வணக்கம் மேடம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மொத்தம் அறுபது பேர் இருக்கிறோம். வருடா வருடம் மே 1 முதல் ஏப்ரல் 30 வரை கான்ட்ராக்ட் போடுவார்கள். எனக்கு இது மூன்றாவது கான்ட்ராக்ட். மாதச் சம்பளம் 48,000 ரூபாய், அதில் பேஸிக் 20,000. நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறான். இப்போது இரண்டாவது, ஐந்து மாதம் முடியப்போகிறது. ஜூன் 5 என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார்.

ஆபீசில் சொன்ன நாளிலிருந்து நிம்மதி போய்விட்டது. எச்.ஆர். முதலில் "கான்ட்ராக்ட் ஸ்டாஃபுக்கு மெட்டர்னிட்டி லீவ் கிடையாது" என்றார். அடுத்த வாரம் "சரி, இரண்டாவது குழந்தைக்கு 12 வாரம்தான், அதுவும் பேஸிக் மட்டும்" என்றார். போன வாரம் அவரே ஒரு ராஜினாமா கடிதத்தை டைப் அடித்து நீட்டி, "கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா குழந்தையைப் பெத்துக்கிட்டு வாங்க, அப்புறம் திரும்ப எடுத்துக்கிறோம்" என்கிறார்.

என் நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை, ஒரு வருடம் லீவில் இருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் தங்கை, "எனக்கு இ.எஸ்.ஐ. பணம் கொடுத்ததே, உனக்கு ஏன் இல்லை" என்கிறாள். ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். என் கணவரும் தனியார் வேலைதான். அவருக்கு ஏதாவது லீவ் உண்டா? யாரையும் பகைத்துக்கொள்ளாமல் நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அந்த ராஜினாமா கடிதம் இன்னும் கையெழுத்தில்லாமல் இருக்கிறதா? இருக்கிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. உங்கள் எச்.ஆர். சொன்ன மற்றவற்றையெல்லாம் சட்டத்தைக் காட்டித் திருத்திவிடலாம். அந்தக் கையெழுத்தைத் திருத்துவது மிகக் கஷ்டம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். மடியில் நாலு மாதக் குழந்தை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ராஜினாமா கடிதத்தின் ஜெராக்ஸ். மூன்றே வரி. "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன். எனக்கு நிர்வாகத்திடமிருந்து வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி." கடிதத்தை எழுதியது நிர்வாகம், கையெழுத்து மட்டும் அவருடையது. "திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னது வாய்வார்த்தையோடு சரி. குழந்தை பிறந்து போன் செய்தபோது அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கட்டாயப்படுத்தித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் சமரசமாக ஒரு சின்னத் தொகை கிடைத்தது. அந்த இரண்டாவது வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

கர்ப்பமாக இருக்கும் பெண்ணை நிறுவனம் வேலையை விட்டு நீக்கினால், அந்த நீக்கத்தைக் காரணம் காட்டிப் பேறுகால ஊதியத்தை மறுக்க முடியாது. கடுமையான ஒழுங்கீனம் என்று எழுத்தில் காரணம் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதாவது அவர்கள் துரத்தினால் சட்டம் உங்கள் பின்னாலேயே வரும். நீங்களாக எழுந்து போய்விட்டால் வராது. இது எச்.ஆருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் நீக்காமல் ராஜினாமாவைக் கேட்கிறார்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

நாம் இத்தனை நாள் பேசிவந்தது 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன்கள் சட்டம். 2017 ஏப்ரல் 1 முதல் அதில் 12 வார விடுப்பு 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. உங்கள் எச்.ஆர். "பழைய சட்டமே இப்போ இல்லையே" என்று ஒரு நாள் சொல்லக்கூடும், அதற்காகத்தான் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பிரிவு எண்கள்தான் மாறியிருக்கின்றன. 26 வார விடுப்பு, 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற தகுதி, வேலையை விட்டு நீக்கத் தடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சம்பளம் என்பதன் விளக்கம் மட்டும் மாறியிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் அறுபது பேர். குழந்தை பிறக்கும் என்று எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. நீங்கள் மூன்று வருடமாக இருக்கிறீர்கள். நிரந்தரமா, தற்காலிகமா, கான்ட்ராக்டா என்ற கேள்வியே இந்தத் தகுதியில் இல்லை. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கே பேறுகால ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ரோடு போடும் வேலையில் மண் சுமந்த பெண்களுக்கு உண்டு என்றால், கணினி முன்னால் கணக்கெழுதும் கான்ட்ராக்ட் ஊழியருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் விஷயத்தில் உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. கான்ட்ராக்ட் ஏப்ரல் 30-ல் முடிகிறது, குழந்தை ஜூன் 5-க்கு. "ஏப்ரலோடு உறவு முடிந்தது, அதற்கப்புறம் எந்த லீவ், எந்தச் சம்பளம்?" என்று கேட்பார்கள். இதே கேள்வி டெல்லியில் ஒரு பெண் மருத்துவருக்கும் வந்தது. அவர் 2017 ஜூன் 1 முதல் விடுப்புக் கேட்டார். அவருடைய கான்ட்ராக்ட் ஜூன் 11-ல் முடிந்தது. நிர்வாகம், பதினோரு நாள்தான் தருவோம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: தகுதிக்கான நாள்களை நிறைவு செய்த பெண்ணுக்கு, கான்ட்ராக்ட் காலம் முடிந்த பிறகும் முழுப் பேறுகாலப் பயனும் சேர வேண்டும். கருவுற்ற காலத்தில் வேலையை விட்டு நீக்கினாலும் ஊதியம் உண்டு என்று சட்டமே சொல்லும்போது, வேலை முடிந்தபின் ஊதியம் கிடையாது என்பது எப்படிப் பொருந்தும் என்பதுதான் அதன் அடிப்படை.

இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைப் பாருங்கள். அந்த மருத்துவரின் விடுப்பு, கான்ட்ராக்ட் உயிரோடு இருக்கும்போதே தொடங்கியது. உங்களுடையதும் அப்படித் தொடங்கட்டும். பிரசவத் தேதிக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். ஜூன் 5-லிருந்து எட்டு வாரம் பின்னால் போனால் ஏப்ரல் 10. ஆறு வாரம் என்றால் ஏப்ரல் 24. இரண்டுமே ஏப்ரல் 30-க்குள் விழுகின்றன. பொதுவாக என்னிடம் வரும் பெண்களிடம், உடம்பு ஒத்துழைத்தால் முடிந்தவரை கடைசிவரை வேலை பார்த்துவிட்டு, நாள்களைக் குழந்தை பிறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 24 முதல் விடுப்பு என்று எழுதிக் கொடுங்கள். அதிலிருந்து 26 வாரம், அதாவது 182 நாள், அக்டோபர் 22 வரை வரும். முன்னால் ஆறு வாரம், குழந்தை பிறக்கும் நாளிலிருந்து இருபது வாரம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பணம் உங்களுக்குச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நவம்பரில் அதே நாற்காலி கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். கான்ட்ராக்டைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்துவது தனிப் போராட்டம். ஆனால் இரண்டு முறை தயங்காமல் புதுப்பித்தவர்கள், கர்ப்பம் என்று தெரிந்த பிறகு மட்டும் புதுப்பிக்கவில்லை என்பது நாளைக்கு ஒரு நல்ல சாட்சி. பழைய இரண்டு கான்ட்ராக்ட் கடிதங்களையும், சம்பள உயர்வுக் கடிதம் ஏதாவது இருந்தால் அதையும், வேலை நன்றாக இருக்கிறது என்று யாராவது மெயிலில் பாராட்டியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, இரண்டாவது குழந்தைக்கு 12 வாரம் என்ற கதை. நான் பார்த்தவரை இந்தச் சட்டத்தில் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான், சில வக்கீல்கள் உட்பட. சட்டம் சொல்வது, ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உயிருடன் இருக்கும் பெண்ணுக்கு 12 வாரம் என்று. வயிற்றில் இருக்கும் குழந்தையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்களுக்கு இருப்பது ஒரு பையன். ஒன்று, இரண்டல்ல. ஆகவே 26 வாரம். மூன்றாவது குழந்தைக்குத்தான் 12 வாரமாகக் குறையும். முதல் பிரசவத்தில் இரட்டைக் குழந்தை பிறந்தவருக்கு இரண்டாவது பிரசவத்திலேயே குறைந்துவிடும், அது அவருடைய துரதிர்ஷ்டம். மூன்றாவதுக்கு அறவே கிடையாது என்பதும் பொய். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, இரண்டு குழந்தைக்கு மேல் விடுப்பில்லை என்று அரசு மறுத்தபோது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்து, பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றது.

இப்போது பணம். "பேஸிக் மட்டும்" என்பது இனிமேல் நடக்காது. பழைய சட்டத்தில் வீட்டு வாடகைப் படியும் சம்பளத்தில் சேர்ந்துதான் இருந்தது. புதிய தொகுப்பில் சில படிகளை வெளியே வைத்துவிட்டார்கள். ஆனால் அப்படி வெளியே வைப்பவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி திரும்பச் சம்பளத்தில் வந்து சேரும். உங்கள் 48,000-ல் படிகள் 28,000. பாதி 24,000. அதிகமாக இருக்கும் 4,000-ஐ பேஸிக்கோடு கூட்டினால் 24,000. உங்கள் பேறுகால ஊதியம் மாதத்துக்குக் குறைந்தது இந்த 24,000-ஐ வைத்துத்தான். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியைப் பார்ப்பார்கள், உங்களுக்கு மூன்று மாதமும் ஒன்றுதானே.

மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். எச்.ஆர். சொல்லும் 12 வாரம், பேஸிக் மட்டும் என்றால் உங்கள் கைக்கு வருவது 56,000 ரூபாய். சட்டப்படி 182 நாளுக்கு, நாளுக்கு 800 வீதம் 1,45,600. நிறுவனத்தின் லீவ் பாலிசியிலோ நியமனக் கடிதத்திலோ "முழுச் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு" என்று ஒரு வரி இருந்தால், 48,000 வைத்தே கணக்குப் போட வேண்டும். அப்போது 2,91,200. சட்டம் சொல்வதைவிட நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கலாம், குறைக்கத்தான் கூடாது. அதனால் இன்றைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்தப் பாலிசியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். எச்.ஆரிடம் கேட்டு வாங்க வேண்டாம், பொது ஃபோல்டரில் எங்காவது கிடக்கும்.

கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன், ரசிப்பீர்கள். "26 வாரம் என்றால் வேலை நாள்தானே, வாரத்துக்கு ஆறு நாள், 156 நாள்" என்று சிலர் குறைப்பார்கள். இந்த வாதத்துக்கு உங்கள் ஊரிலேயே பதில் பிறந்தது. ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு, அன்றைய 12 வாரத்துக்கு 84 நாள் தராமல், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாள் கூலி கொடுத்தார்கள். அவர் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அது மேலே மேலே போய், 1977-ல் உச்ச நீதிமன்றம் வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்துத்தான் என்று முடித்து வைத்தது. பன்னிரண்டு நாள் கூலிக்காக அந்த அம்மா உச்ச நீதிமன்றம் வரை நின்றதால்தான் இன்று நாம் எல்லாரும் 182 என்று எண்ணுகிறோம்.

பணம் எப்போது வரும்? கர்ப்பத்துக்கான சான்றைக் கொடுத்தால் பிரசவத்துக்கு முந்தைய காலத்தின் தொகையை முன்பணமாகத் தர வேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதித் தொகை. நடைமுறையில் பல நிறுவனங்கள் மாதாமாதம் சம்பளத் தேதியில் போடுகின்றன. அது தவறாமல் வந்தால் நான் சண்டை போடச் சொல்ல மாட்டேன். "திரும்ப வேலைக்கு வந்தபின் மொத்தமாகத் தருகிறோம்" என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது ராஜினாமா கடிதத்தின் தங்கச்சி. இதுபோக, பிரசவச் சிகிச்சையை நிறுவனம் இலவசமாக ஏற்பாடு செய்யாவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் உண்டு. இன்றைய ஆஸ்பத்திரி பில்லுக்கு அது ஸ்கேன் செலவுக்குக்கூடக் காணாது என்பது வேறு விஷயம். இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் நாத்தனாரின் கணக்கும் தங்கையின் கணக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்றால், மூன்று பேரும் மூன்று வீட்டுக்காரர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதப் பேறுகால விடுப்பு. அது அரசு தன் ஊழியர்களுக்குப் போட்டுக்கொண்ட விதி, தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. தங்கை இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் அதில் வருவார்கள். அவருடைய சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் மாதாமாதம் கட்டுகிறார்கள். முந்தைய இரண்டு சந்தா காலங்களில், அதாவது ஆறு ஆறு மாதமான இரண்டு தவணைகளில், குறைந்தது 70 நாளுக்குச் சந்தா போயிருந்தால் போதும், 26 வாரத்துக்கான தொகையை இ.எஸ்.ஐ. கழகமே நேராக வங்கிக் கணக்கில் போட்டுவிடும், முதலாளியின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உங்கள் பே ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். நீங்கள் சொல்லும் சம்பளத்துக்கு இருக்காது. பிடித்தம் இல்லையென்றால் முழுப் பொறுப்பும் நிறுவனத்துடையது.

உங்கள் எச்.ஆரின் பதற்றத்துக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தங்கையின் முதலாளிக்குப் பிரசவம் என்றால் கூடுதல் செலவில்லை, அது எல்லாரும் சேர்ந்து கட்டிய சந்தாவிலிருந்து போகிறது. உங்கள் முதலாளி ஒன்றரை லட்சத்தைத் தன் பையிலிருந்து எடுக்க வேண்டும், உங்கள் இடத்துக்கு வருபவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தம் கேட்பது 14 வாரம்தான். ஆனால் அந்தச் செலவைத் தனி முதலாளி ஒருவர் தலையில் கட்டாமல் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்கிறது. நம் நாடு வாரத்தை 26 ஆக்கியது, பில்லை மட்டும் முதலாளி மேஜையிலேயே வைத்துவிட்டது. அந்த பில்லைப் பார்த்த கைதான் ராஜினாமா கடிதம் டைப் அடிக்கிறது. அவர்கள் செய்வது சரி என்று சொல்லவில்லை. பேசும்போது எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்திருந்தால், குரல் தானாகத் தணியும். "யாரையும் பகைத்துக்கொள்ளாமல்" என்று கேட்டீர்களே, அதற்கு என்னால் தர முடிந்த வழி இதுதான்.

உங்கள் கணவர் விஷயத்தில் நல்ல செய்தி குறைவு. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அப்படிக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் கிடையாது. அவருடைய நிறுவனத்தின் பாலிசியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் சொந்த லீவைச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் வழி. பிப்ரவரியிலிருந்தே சேர்க்கச் சொல்லுங்கள். நாலு வயதுப் பையனையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

குழந்தை பிறந்தபின் கான்ட்ராக்ட் தொடர்ந்து நீங்கள் வேலைக்குத் திரும்பினால், ஐம்பது பேருக்கு மேல் உள்ள நிறுவனம் என்பதால் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு. உங்கள் வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியது என்றால் விடுப்பு முடிந்தபின் அதையும் பேசி ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அது இரு தரப்பும் சம்மதித்தால்தான். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடம்புக்கு ஏதாவது வந்தால், மருத்துவச் சான்றோடு 26 வாரத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் ஊதியத்துடன் கிடைக்கும். விடுப்புக் காலத்தில் வேறு எங்காவது வேலைக்குப் போகாதீர்கள். தெரிந்தவர் கடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன் என்பதைக்கூடப் பிடித்துக்கொண்டு, அந்த நாள்களுக்கான ஊதியம் போயிற்று என்பார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மெயில். எச்.ஆருக்கு அனுப்புங்கள், அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு நகல். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண் வேண்டாம், ராஜினாமா பேச்சே வேண்டாம். இந்த அளவு போதும்:

"நான் கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவத் தேதி ஜூன் 5 என மருத்துவர் குறிப்பிட்டுள்ளார். சான்று இணைத்துள்ளேன். எனக்கு உயிருடன் இருக்கும் குழந்தை ஒன்று. ஏப்ரல் 24 முதல் 26 வாரப் பேறுகால விடுப்பில் செல்கிறேன். அந்தக் காலத்தில் வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன். பேறுகால ஊதியத்தை எனது சம்பளக் கணக்கில் செலுத்தவும். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் தொகையை என் கணவருக்கு வழங்கவும். விடுப்புக்குப் பின் பணியைத் தொடர விரும்புகிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு யாராவது "அவங்களே போறேன்னுதான் சொன்னாங்க" என்றால், அதற்குப் பதில் அங்கே இருக்கும். கணவர் பற்றிய வரி உங்களுக்கு உறுத்தலாம். சட்டம் கேட்கும் நோட்டீஸிலேயே ஊதியத்தை யாரிடம் தரலாம் என்று குறிப்பிட வேண்டும், அதனால்தான் எழுதினேன், மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எச்.ஆர். மறுபடியும் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை நீட்டினால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அறையை விட்டு வந்ததும் ஒரு சின்ன மெயில்: "இன்று காலை தாங்கள் தந்த ராஜினாமா கடிதம் குறித்து: எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. பிப்ரவரியில் அனுப்பிய விடுப்புக் கடிதத்துக்குப் பதிலை எதிர்பார்க்கிறேன்." வாய்ப்பேச்சை எழுத்தாக்கும் வேலையை அவர்கள் செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் செய்ய வேண்டும். அவர்கள் டைப் அடித்துக் கொடுத்த தாளையும் கிழிக்காதீர்கள். உங்கள் தரப்பில் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். விசாரித்து, ஊதியத்தைக் கொடு என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முதலிலேயே நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. வக்கீல் செலவு பற்றிய பயம் இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் அங்கே இலவச வக்கீல் கிடைப்பார். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. எழுத்தில் ஒரு நோட்டீஸ் வந்ததும் நிறுவனம் தன் வக்கீலிடம் கேட்கும், அவர் நான் மேலே சொன்னதைத்தான் சொல்வார்.

மெயில் அனுப்பிய அன்று இரவே அதன் நகலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். மூன்று வருட பே ஸ்லிப், மூன்று கான்ட்ராக்ட், லீவ் பாலிசி, எச்.ஆரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அதோடு சேரட்டும். ஆபீஸ் மெயிலின் கதவு ஏப்ரல் 30-ஆம் தேதி இரவு சாத்தப்பட்டுவிடும், மே 1 காலையில் பாஸ்வேர்டு வேலை செய்யாது.